பாசறையும் விருந்தும்

ஐந்திணையை எண்ணப் புகுவோர் குறிஞ்சியை முன்வைத்து எண்ணுதல் நம்மிடையே வழக்கு. அத்திணைப் பாடல்களை ஆண்டு மூன்றும் பயிலும் எம்முள்ளோ, பல்லாவரத்துக் குன்றினும் உயர்ந்த மலையைக் கண்ணாரக் காணாதார் பலர் உளர். நம் கல்லூரிக்கு அண்மையிலுள்ள இரும்புலியூர் தன் பெயரிலே புலியைத் தாங்கி நிற்கின்றது. சங்கச் செய்யுளில் இரும்புலி என்பது பெரும்புலி எனப் பொருள்படும். அவ்வூர்ப் பெயருக்குக் காரணம் யாதாயினும் ஆகுக. இன்று அங்கே இரவும் பகலும் உறுமுவன பெருஞ்சாலையில் விரையும் மோட்டார் வண்டிகளே. புலியைக் காண விரும்புவோர் இன்னுந் தெற்கே சென்று, வண்டலூரில் 1985 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற உயிரியற் பூங்காவில் வேலிக்கு இப்பால் நின்று காணல் வேண்டும்.

இத்தகைய சமநிலத்து வாழும் மாணவர், விடுமுறை வந்த அளவிலே மலைநாட்டை நோக்கிப் புறப்படுதல் வியப்பன்று. நால்வர் ஐவராய்க் கூடிக் கூடாரமும் சமையற் கலங்களும் கட்டிக்கொண்டு, முதுமலைக்கும் ஆனைமலைக்கும் மேகமலைக்கும் செல்வோரை ஆண்டுதோறும் காண்கின்றோம். அவ்வேட்கை நல்ல வேட்கையே. எனினும், மலைக்காட்டிற் சென்று தங்குதற்கும் ஒரு முறைமை உண்டு. அம்முறைமை இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டிருக்கின்றது. மறந்ததனால் உயிர்கள் மாண்டுள்ளன. ஆதலின் அதுகுறித்து எம் கருத்தை ஈண்டு வெளியிடத் துணிந்தோம்.

செல்லாதிருத்தலே சிறந்தது என்பார் சிலர். அவர் கூற்றைத் தள்ளிவிடுதற்கில்லை. 2018 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11 ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல்லிற் பற்றிய தீ மலையேறச் சென்றோரைச் சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் சென்றிருந்த அவருள் இருபதுக்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர். இளைஞரும் மகளிரும் புதுமணம் புரிந்தோரும் அவருள் இருந்தனர். அச்செய்தியைக் கேட்ட பெற்றோர் தம் மக்களை மலைப்பக்கம் விடேம் என்றால் அவரைக் குறைகூறுவார் யார்?

ஆயினும் செல்லாதிருத்தல் தீர்வாகாது என்பதே எமது துணிபு. வேங்கை என்னும் ஒரு சொல் மரத்தையும் புலியையும் குறிக்கின்றது. வேங்கைப் பூ உதிர்ந்து பரந்த பாறையைப் புலிக்குட்டி எனப் புலவர் கண்டனர். அப்பாறையை ஒருமுறையேனும் கண்டவனுக்கு அவ்வுவமை விளங்கும். காணாதவனுக்கு அஃது உரைகாரர் சொன்ன செய்தியாய் நின்றுவிடும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களை மனப்பாடமாய் ஒப்பிக்கும் நாம், அவற்றுள் எத்தனையைக் கண்டால் இன்னதென்று சொல்ல வல்லோம்? மலையுச்சிப் பள்ளங்களிற் செறிந்த பசுங்காட்டை உலகத்து அறிஞர் இன்று 'சோலா' என்றே எழுதுகின்றனர். அது நம் சோலை. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதனைச் சங்கப் புலவர் வருடை என்றனர் என்பர் அறிஞர். பெயரை நாம் உலகுக்கு வழங்கிவிட்டுப் பொருளைக் காணாதிருத்தல் முறையன்று. மேலும், ஒருமுறையும் கண்டறியாத காட்டை அழிக்க வரும்போது தடுத்து நிற்பார் எவரும் இரார்.

நம் மாநிலத்தில் இன்று புலிகள் காப்பகங்கள் ஐந்துள்ளன: களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர் மேகமலை என்பன. இவற்றுள் முதலில் அமைந்தது களக்காடு முண்டந்துறை. 1988 ஆம் ஆண்டு அது புலிகள் காப்பகம் ஆயிற்று. அதன் உள்வட்டம் மட்டும் ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தமிழ் மாணவர்க்கு அதன் பழம்பெயரைச் சொன்னாற் போதும், அது பொதியில். கேரள எல்லையை ஒட்டி 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அகத்தியர் கொடுமுடியைச் சூழ்ந்த மலைத்தொகுதியை 2016 ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டுக் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் உலக உயிர்க்கோளக் காப்பகங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அம்மலைச் சோலைகள் பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சிவைத்துச் சிறிது சிறிதாக விடுத்தலினாலேயே பொருநை கோடையிலும் ஓடுகின்றது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் வயலும் வாயும் அம்மலையை நம்பியிருக்கின்றன. அங்கே ஒருவன் தவறுதலாய் வைக்கும் தீ, அம்மலையைக் காணாத பல்லாயிரவர் குடிநீர்மேல் வைக்கும் தீயாகும்.

இனி, காட்டிடைத் தங்குதல் பற்றி நம் முன்னோர் என்ன கூறினர் என்று பார்ப்போம். பத்துப்பாட்டுள் இரண்டு பாட்டுக்கள் இதற்கு நேரே பயன்படுவன. ஒன்று நப்பூதனாரின் முல்லைப்பாட்டு. மற்றொன்று பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். இரண்டிலும் மக்கள் காட்டிற் சென்று தங்குகின்றனர். தங்கும் முறையோ நிலமும் வானும்போல் வேறுபடுகின்றது.

முல்லைப்பாட்டிற் காண்பது பாசறை. அரசன் போர்மேற் செல்கின்றான். காட்டாறு சூழ்ந்த முல்லைநிலத்திலே, மணங்கமழும் பிடவமும் பசும்புதர்களும் வெட்டி ஒழிக்கப்படுகின்றன. அந்நிலத்து வேட்டுவருடைய சிற்றரண்கள் அழிக்கப்படுகின்றன. முள்வேலி வளைக்கப்படுகின்றது. கடல்போற் பரந்த பாடிவீடு எழுகின்றது. இரவெல்லாம் விளக்குகள் அணையாதபடி எண்ணெய் வார்க்கப்படுகின்றது. இவ்வளவும் செய்தும் அரசனுக்கு அங்கே உறக்கம் வரவில்லை என்பது பாட்டின் செய்தி. போர்க்குச் சென்றவன் அவ்வாறு தங்கினான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

இன்று இன்பப்பொழுது போக்கச் செல்வோர் தங்கும் முறையும் பாசறை முறையாகவே இருத்தல் எதனால்? புதர் வெட்டப்படுகின்றது, வேலி வளைக்கப்படுகின்றது, இரவு முழுதும் மின்விளக்கு எரிகின்றது, ஒலிபெருக்கி முழங்குகின்றது. நீலகிரியடுத்த சீகூர்ச் சமவெளியில், யானைகள் காலங்காலமாய் நடந்த வழியிலே விடுதிகள் எழுந்தன. சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஆம் ஆண்டு அவ்வழியை மீட்கக் கட்டளையிட்டது. 2020 ஆம் ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அடுத்த சனவரியிலே மசினகுடியில் நிகழ்ந்ததை நினைப்பினும் நெஞ்சம் நடுங்கும். பயணிகள் தங்கும் இல்லமொன்றை அணுகிய யானையின்மீது எரியும் டயர் ஒன்று எறியப்பட்டது. அது காதிலே பற்றி எரிய, யானை இருளிலே ஓடிற்று. அக்காட்சி படமாய் வெளிவந்தபோது நாடு முழுதும் அதனைக் கண்டது. அந்த யானை இறந்தது. முல்லைப்பாட்டின் அரசனும் தன் யானைகளின் புண்ணை நினைந்து வருந்தினான் என்று படித்திருக்கின்றோம். இக்காலத்துப் பாசறையினர்க்கு அவ்வருத்தமும் இல்லை.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகில் இவ்வகைப் பெருங்காட்டுப் பூங்காக்களுள் முதலாவதெனப் போற்றப்படும் அமெரிக்க நாட்டு எல்லோசுட்டோன் 1872 ஆம் ஆண்டில் அமைந்தது. அதனை 1886 முதல் 1918 வரை காத்தது அந்நாட்டுப் படையே. அங்கே பாசறை என்பது உவமையன்று, உண்மை. வழிவழியாய் அந்நிலத்தில் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த பழங்குடியினர் வெளியேற்றப்பட்டனர். வந்து கூடாரமடித்த பயணிகளோ கரடிகளுக்கு உணவிட்டு மகிழ்ந்தனர். விடுதிக் குப்பைமேடுகளிற் கரடிகள் மேய்வதை இருக்கையிட்டு அமர்ந்து வேடிக்கை பார்த்தனர். குப்பையுண்டு பழகிய கரடிகள் மனிதரைத் தாக்கின, தாக்கியவை கொல்லப்பட்டன. 1970 ஆம் ஆண்டையடுத்துத்தான் அக்குப்பைமேடுகள் முற்றும் மூடப்பட்டன. விலங்குக்கு உணவிடுதல் அன்பன்று என்பதை அறிய அவர்க்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நம் மலைப்பாதைகளில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தின்பண்டம் எறிவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

மலைபடுகடாத்திற் காண்பது விருந்து. நன்னன் என்னும் குறுநில மன்னனைக் காண மலைநாட்டின் வழியே செல்லும் கூத்தர்க்கு, அவ்வழியைக் கடந்து வந்த ஒருவன் வழிகூறுகின்றான். மலைவழிச் செல்வார்க்கு இதனினும் சிறந்த கையேடு எம்மொழியில் உளதோ, யாம் அறியோம். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உள. ஆதலின் இருளில் நடவாது விடியுமளவும் தங்கிப் பின் செல்லுங்கள் என்கின்றான். தினைப்புனங் காப்போர் யானையை ஓட்டக் கவண்கல் வீசுவர். மரத்தை மறைவாகக் கொண்டு கடந்து செல்லுங்கள் என்கின்றான். வழுக்குமிடத்திற் கொடியைப் பற்றிக்கொள்ளச் சொல்கின்றான். இரவிலே கற்குகையிற் புகுந்து துயிலச் சொல்கின்றான். மரம் வெட்டிக் குடில் கட்டச் சொல்லவில்லை. வழி பிரியுமிடத்தே பின்வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்கச் சொல்கின்றான். மலைவாணர் குடிக்குச் சென்றால், அவர் சுற்றத்தார்போல் ஏற்று உணவளிப்பர் என்றும் கூறுகின்றான்.

இதில் ஒரு நுட்பம் உளது. பாசறையினன் காட்டைத் தனக்கேற்ப மாற்றினான். கூத்தனோ தன்னைக் காட்டுக்கேற்ப மாற்றிக்கொண்டான். பாசறையினன் வேட்டுவர் அரணை அழித்தான். கூத்தன் வேட்டுவரிடம் விருந்துண்டான். காட்டிடைத் தங்குவார் அனைவரும் இவ்விருவருள் ஒருவராகவே இருத்தல் வேண்டும். கூடாரம் எத்தகையது, பணம் எவ்வளவு, ஏறிய உயரம் எத்தனை அடி என்பனவற்றால் அது தீர்மானிக்கப்படுவதன்று.

குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம் என்று தொல்காப்பியம் கூறுகின்றதே. நள்ளிரவில் மலையில் நடவாதவன் குறிஞ்சியை எங்ஙனம் உணர்வான் என்று தமிழ் பயிலும் நண்பர் சிலர் எம்மை வினாவினர். வினா இனியதே. ஆனால் இரவுக்குறிப் பாடல்களை முழுதும் படித்தல் வேண்டும். தலைவன் இரவில் வருகின்றான். தலைவியும் தோழியும் அவன் வரும் வழியை நினைந்து நடுங்குகின்றனர். யானை உண்டு, புலி உண்டு, பாம்பு உண்டு, வழுக்குப் பாறை உண்டு. இவ்வழி வாரற்க என்று தோழி மறுக்கின்றாள். அம்மலையிலே பிறந்து அம்மலையிலே வளர்ந்த பெண்கள் அஞ்சிய வழியில், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பழகிய நாம் கைவிளக்குடன் உலாவப் புகுதல் ஆண்மையன்று. யாமத்தை உணர்தற்கு நடத்தல் வேண்டுவதில்லை. ஓரிடத்திருந்து, விளக்கை அவித்து, வாயைக் காத்துச் செவியைத் திறந்திருத்தல் போதும்.

அங்ஙனமாயின், செய்யத்தக்கன யாவை? 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இசைவின்றிச் சரணாலயத்துட் புகுதலும் அங்கே தீயிடுதலும் குற்றங்கள். குரங்கணித் துயருக்குப் பின்னர் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 ஆம் ஆண்டு அக்டோபரில், வனத்துறை வாயிலாக நாற்பது மலைவழிகளில் வழிகாட்டிகளுடன் மக்களை அழைத்துச் செல்லும் திட்டம் தொடங்கப்பெற்றது. தீப்பிடிக்கும் கோடைத் திங்களில் அவ்வழிகள் மூடப்படுகின்றன. மலையடிவாரத்து ஊரினரும் பழங்குடி இளைஞரும் வழிகாட்டிகளாகப் பயிற்றப்பட்டிருத்தல் போற்றத்தக்கது. எனினும் இவ்வழிகள் பெரும்பாலும் பகலிற் சென்று பகலில் மீள்வன. காட்டில் ஓர் இரவு தங்க விரும்பும் ஏழை மாணவனுக்கு இன்று நேர்வழி அரிது. பெருஞ்செல்வர்க்கோ காட்டின் விளிம்பிலே விடுதிகள் பல உள. நேர்வழி அரிதாயின் கள்ளவழி பெருகும் என்பதை அரசினர் எண்ணுதல் வேண்டும்.

ஆதலின் எமது வேண்டுகோள் இது: வனத்துறையின் பழைய ஓய்வில்லங்களுட் சிலவற்றை, புதிய கட்டடம் ஒன்றும் எழுப்பாமலே, ஆண்டிற் சில கிழமைகள் கல்லூரி மாணவர்க்கென ஒதுக்குக. பத்துப் பன்னிருவருக்கு மிகாத குழுவாகவும், ஆசிரியர் ஒருவரும் அம்மலைக் குடியினராகிய வழிகாட்டி ஒருவரும் உடனிருக்கவும், மாணவர்க்கு எட்டும் கட்டணத்திலும் அஃது அமைவதாகுக. தங்கித் திரும்பும் குழுவினர், தாம் கண்ட மரமும் புள்ளும் பற்றிக் குறிப்பெழுதி வனத்துறைக்கு அளித்தல் கட்டாயமாக்கப்படுக. இதனாற் காட்டுக்குச் சேரும் இடர் சிறிது; நாட்டுக்கு வரும் பயன் பெரிது.

மலைக்குடியினரை வெறுஞ் சுமைதூக்குவோராகக் கருதுவாரும் உளர். அவர் ஒரு செய்தியை அறிதல் நன்று. 1987 ஆம் ஆண்டில் அகத்தியமலையின் கேரளப் பகுதியில் அறிவியலார் சிலர் காணிக்காரர் துணையுடன் ஆராய்ச்சிப் பயணம் மேற்கொண்டனர். அறிவியலார் நடந்து சோர்ந்தனர். காணிக்காரரோ ஒரு சிறு செடியின் காயைத் தின்று சோர்வின்றி நடந்தனர். அச்செடியே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து மருந்து ஆக்கப்பட்டு, அதனால் வந்த ஊதியத்திற் பாதி காணிக்காரர்க்கென ஒதுக்கப்பட்டது. அறிவை வழங்கினோர்க்குப் பங்கு தருதல் வேண்டும் என்பதற்கு உலகோர் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது. காட்டில் வாழ்வோர் உரிமையை 2006 ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் ஏற்றிருக்கின்றது. அவர் மனைக்கு உரியோர். நாம் வந்த விருந்தினர்.

முண்டந்துறைக் காட்டினுள்ளே காரையாற்றின் அருகிற் சொரிமுத்து அய்யனார் கோயில் உளது. ஆடி அமாவாசைக்கு எண்ணிறந்த மக்கள் அங்குச் சென்று ஆற்றங்கரையிற் குடில் கட்டித் தங்கும் வழக்கம் நெடுங்காலத்தது. அவ்வழிபாட்டுக்கும் இக்காலத்தில் நாட்கணக்கு வரையறுக்கப்பட்டுள்ளது; பிளாஸ்டிக் பைகளைத் தடுக்கத் தொண்டர் பலர் உழைக்கின்றனர். தலைமுறை தலைமுறையாய் வந்த வழிபாட்டினரே காட்டின் பொருட்டு ஓர் எல்லையை ஏற்பாராயின், இரண்டு நாள் விளையாட்டுக்குச் செல்லும் நாம் எல்லையின்றி நடத்தல் எவ்வாறு பொருந்தும்?

தீ மூட்டாமல் என்ன கூடாரம், ஆடாமல் பாடாமல் என்ன விடுமுறை என்று நண்பர் நகுதல் எம் செவிக்குக் கேட்கின்றது. புளிச்சோறும் அவலும் கட்டிச் செல்லுதல் சிறுமையன்று; நம் பாட்டன்மார் கட்டுச்சோற்றுடனே நாடு முழுதும் நடந்தனர். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் விடுதி முற்றங்கள் போதியன. அவற்றையே நாடுவோன் மலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. தான் இருக்குமிடத்திலேயே பெறலாம்.

நம் கல்லூரியும் இதிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 1937 ஆம் ஆண்டில் நகர நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் கல்லூரி பெயர்ந்தபோது, நமக்குக் கட்டடங்களோடு ஒரு காடும் கிடைத்தது. வேதியியல் பயிற்றிய பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ், தென்னாட்டு மலைச்செடிகளை ஆராய்ந்து பெயர்பெற்றவர். அவர் வாழ்ந்த இவ்வளாகத்திலே புள்ளிமானும் முயலும் கீரியும் இன்றும் உள. மலைக்குச் செல்ல விரும்பும் மாணவர் குழு, முதலில் ஓர் இரவு இங்கே பயில்வதாகுக. விளக்கின்றி இரண்டு நாழிகை பேசாதிருக்கவும், கொண்டுவந்த உறையையும் தாளையும் கொண்டே மீளவும், பத்து மரங்களைத் தமிழ்ப் பெயரால் அறியவும் இயலாதவன் பொதியிலுக்குப் போய்ச் செய்வது யாது? இத்தேர்விற் தேறியவர்க்கே கல்லூரி தன் பெயரால் இசைவுக் கடிதம் வழங்குதல் வேண்டும் என்பது எம் கருத்து. தாவரவியல், விலங்கியல் மாணவருடன் தமிழ் மாணவரும் சேர்ந்து செல்லுதல் இருசாரார்க்கும் நலந்தரும். அவர் பூவின் உறுப்பை நமக்கு உணர்த்துவர். நாம் அப்பூவுக்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன் வழங்கிய பெயரை அவர்க்கு உரைப்போம்.

வரும் விடுமுறையில் மலைக்குச் செல்லும் திட்டம் வகுத்திருக்கும் நண்பர்களே, உங்கள் மூட்டையில் ஒலிபெருக்கி இருக்கும் இடத்திலே உ. வே. சாமிநாதையர் 1889 ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சிற் பதிப்பித்து அளித்த பத்துப்பாட்டை வைத்துச் செல்லுங்கள். இசைவு பெற்றுச் செல்லுங்கள். வழிகாட்டியின் சொற்படி நடங்கள். பொழுதுசாயுமுன் தங்குமிடம் சேருங்கள். அங்கே ஒருவர் மலைபடுகடாத்தைப் படிக்க ஏனையோர் கேட்பீராக. வழிகாட்டியும் உடனிருந்து கேட்கட்டும். அதில் எந்த வழி இன்றும் உளது, எந்தப் பூ இன்றும் மலர்கின்றது, எந்த விலங்கு இன்று இல்லை என்பதை அவரிடமே வினவுங்கள். அவர் கூறும் விடையை எழுதிக்கொண்டு வாருங்கள்; அடுத்த ஆண்டு மலரில் அதனைப் படிக்க யாம் ஆவலுடன் காத்திருக்கின்றோம்.